கூடைக்குள் ஒளிந்த பிள்ளைக்கு ஸ்பானிய மொழியில் ஒரு முடிவு

1

நான் வால்பரைசோ துறைமுகத்தில் இறங்கி இந்த மாதத்தோடு ஏழு வருடம் முடிகிறது. தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரி நீளமாகவும் ஒடுக்கமாகவும் சிலி என்றொரு நாடு கிடக்கிறது. அதில் ஒரு துறைமுக ஊர் இது. வீடுகள் எல்லாம் குன்றுகளின் மேல், தகரம் அடித்துக் கட்டியவை. மழை பெய்தால் நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் கூரையில் கேட்கும் அதே சத்தம்தான். அதைக் கேட்டு நான் உருகுவதில்லை. எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவேன்.

ஏழு வருடத்தில் ஊர்ப் பத்திரிகைக்கென்று எதுவும் எழுதாதவள் இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு சிறுபிள்ளைக் கதைப் புத்தகம். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையை நாம் பிள்ளை மடுவம் என்கிறோம். அந்த மடுவத்தில் சொல்லப்படும் கதைகளை ஸ்பானிய மொழியில் எழுதினேன். அது அச்சாகிவிட்டது. அச்சாவதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்லவேண்டும்.

என் கணவர் மனுவேல் இங்கே ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறவர். மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்கள் மகள் ரோசாவுக்கு அப்போது ஐந்து வயது. அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் அடங்கி இருக்கவேண்டுமே என்று, அச்சக வாசலில் காகிதக் கட்டின் மேல் உட்காரவைத்து ஒரு கதை சொன்னேன். தமிழில் தொடங்கினால் "ஸ்பானியத்தில் சொல்லு, யாராவது கேட்டால் சிரிப்பார்கள்" என்று என் வாயைப் பொத்துவாள். அதனால் ஸ்பானியத்தில் சொன்னேன். உள்ளேயிருந்து அச்சக முதலாளி எல்விரா அம்மாள் வந்து, கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இந்தக் கதை எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?" என்றார்.

"எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் தோட்டத்தில் சொல்வது."

"இதுபோல இன்னும் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்" என்றேன். "எழுதிக் கொடுங்கள், புத்தகமாகப் போடுவோம்" என்றார்.

கொஞ்சம் யோசித்திருக்கலாம். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்துப் பரீட்சை எழுதி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக நின்று, தேயிலை வாங்கவந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க இந்த நாட்டுக்கு வந்தவள். அந்தக் குடும்பம் லண்டனுக்குப் போய்விட்டது. நான் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே நின்றுவிட்டேன். இவ்வளவு தூரம் வந்தவள், ஒரு மடுவத்துக் கதை தெரியாது என்று எப்படிச் சொல்வது?

2

கதைகள் எனக்கு வந்த வழி இது.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நாங்கள் உடப்புசல்லாவையிலிருந்து கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு மாறினோம். அக்கா முத்தாயிக்குப் பத்து வயது. தோட்டத்தில் ஒரே ஒரு வாத்தியார், ஒரே ஓர் அறை. அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். வாத்தியார் அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவளுக்குப் பத்து வயசாச்சேப்பா. இவள ஆனா ஆவன்னாவுல ஒக்கார வச்சா சின்னதுங்கல்லாம் கேலி பண்ணுங்க. சின்னவள விட்டுட்டுப் போ."

அப்பா தலையைச் சொறிந்தார். "சரிங்கய்யா. ஒண்ணாவது படிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கே அக்காவைப் பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆட்ட விட்டார்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் எல்லாப் பெண்களும் கூடை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். அக்கா மட்டும் மடுவத்தை விட்டு வரவில்லை. பிறகு மடுவத்துக்கே அவள்தான் பொறுப்பு என்றானது.

விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிக்கும் பெரட்டு முடிந்ததும், தாய்மார் பிள்ளைகளை மடுவத்தில் இறக்கிவிட்டு ஓடுவார்கள். அம்மா என்னையும் அங்கேதான் விட்டுப்போவார். பள்ளிக்கூட மணி அடிக்க ஒரு மணி நேரம் இருக்கும். பிள்ளைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அழும். அழுகையை நிறுத்தத்தான் அக்கா கதை சொல்வாள். நரி கங்காணியாகி முயல்களுக்குப் பேர் கூப்பிட்ட கதை, பாதை தெரியாமல் தோட்டத்துக்குள் சுற்றிய மேகத்தின் கதை, வேலைக்கு வருவேன் என்று பெரட்டுக் களத்தில் வந்து நின்ற அட்டைப்பூச்சியின் கதை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது கூடைக்குள் ஒளிந்த பிள்ளையின் கதை.

மடுவத்தில் இருக்கமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பிள்ளை, அம்மாவின் கூடைக்குள் ஒளிந்துகொள்கிறது. தெரியாமல் அம்மா அதன் மேலே கொழுந்தைப் போடுகிறாள். நிறுக்கிறவர் "இன்னைக்கு நல்ல எட" என்று கூடையைச் சாக்கில் கொட்டுகிறார். சாக்கு தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் போகிறது. அங்கே மேல்மாடியில் இலையை வாடப்போடும் தட்டில் பிள்ளையையும் சேர்த்துப் பரப்பிவிடுகிறார்கள். காற்று அடிக்கிறது. பிள்ளை வாடுகிறது, சுருளுகிறது, ஓர் இலையளவு ஆகிறது.

அந்த இடத்தில் பள்ளிக்கூட மணி அடிக்கும். நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் வீட்டில் மேல்பாடம். வீட்டுக்கு வரும்போது அக்கா அடுப்படியில் இருப்பாள்.

"அக்கா, அப்புறம் என்னா ஆச்சு?"

"எதுக்கு?"

"அந்தப் புள்ளைக்கு. சுருண்டு போச்சே."

"மடுவத்துல இருந்து கேளு. பாதியில ஓடுறவளுக்குப் பாதிதான்."

"சொல்லுக்கா."

"போடி, போயி ஒன் புஸ்தகத்துல தேடு."

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில். எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை, அதனால் அவளிடம் உள்ளதை எனக்குத் தரமாட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். கேட்பதையும் விட்டுவிட்டேன். ஒரு மடுவத்துக் கதைக்காக யாரிடமும் கெஞ்சக்கூடாது என்று ஏழு வயதிலேயே முடிவு செய்திருந்தேன்.

3

மொழிபெயர்ப்பு எனக்குச் சிரமமாக இருக்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. அது உண்மையல்ல. இந்த ஊர்க்காரர்கள் மாலையில் தேநீர் குடிக்காமல் ஒருநாளும் இருப்பதில்லை. அந்தத் தேயிலையில் பாதி நம் மலைகளிலிருந்து வருகிறது. ஆனால் அது செடியில் வளர்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. வாட்டும் மாடியை அரைப்பக்கத்துக்கு விளக்கினேன். கதையை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்துகிறேன் என்று எல்விரா அம்மாள் அதை அடித்துவிட்டார். காலில் ஏறும் அட்டை இந்த ஊரில் இல்லை. படம் போடுகிறவர் மண்புழுவுக்குத் தொப்பி வைத்து வரைந்து கொண்டுவந்தார்.

நரிக் கங்காணியிடம் முயல்கள் பேசும் இடத்தில் பெரிய சண்டை. ஸ்பானியத்திலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. பிள்ளைகள் புத்தகத்தில் மிருகங்கள் ஒன்றையொன்று நீ என்றுதான் கூப்பிடும், அதுதான் வழக்கம் என்றார் எல்விரா அம்மாள்.

"எங்கள் முயல் கங்காணியை நீ என்று சொல்லாது" என்றேன்.

"ஏன்?"

"சொன்னால் அந்த முயலுக்கு மறுநாள் வேலை இருக்காது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. முயல்கள் இன்றுவரை நரியை மரியாதையாகத்தான் கூப்பிடுகின்றன.

அட்டைப்படத்தில் "இந்தியக் கதைகள்" என்று போடப்போவதாகச் சொன்னார்கள். அதற்கும் நின்றேன். இது எனக்குப் புதிதல்ல. ரோசா பிறந்ததைப் பதிவு செய்யப் போன இடத்தில், தாயின் நாடு என்ற இடத்தில் குமாஸ்தா என் முகத்தைப் பார்த்து இந்தியா என்று எழுதினார். இலங்கை என்றேன். இரண்டும் ஒன்றுதானே என்றார். நான் வந்த பயணத்தாளை எடுத்துக் காட்டினேன். ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லும் தாள் அது. அதில் நாடு என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருடம் எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடமே தோட்டத்து மக்களான நம் பிரஜாவுரிமையும் போனது வாசகர்களுக்குத் தெரியும். அந்த வால்பரைசோ குமாஸ்தாவுக்கு அதை நான் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? "இந்தக் கோட்டை அப்படியே எழுதட்டுமா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே கேட்டார்.

புத்தகத்தில் மட்டும் "இலங்கைக் கதைகள்" என்று போட வைத்தேன்.

4

முடிவுகள் எல்லாம் நானே எழுதினேன். நரிக்கும் மேகத்துக்கும் அட்டைக்கும் முடிவு வைப்பது பெரிய வேலையாக இல்லை. புத்தகத்தின் கடைசிக் கதையான கூடைப் பிள்ளைக்கு வைத்த முடிவில் எனக்குப் பெருமையும் இருந்தது. சுருண்ட பிள்ளை தேயிலையோடு பெட்டிக்குள் போகிறது. இருட்டில், பலகை இடுக்கில் வரும் வெளிச்சத்தில், பெட்டியின் மேல் எழுதிய எழுத்துகளை உட்புறமிருந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பழகுகிறது. கப்பல் வால்பரைசோவுக்கு வருகிறது. பெட்டியைத் திறந்தவர்கள் முன்னால் பிள்ளை எழுந்து நின்று, அவர்கள் மொழியிலேயே வணக்கம் சொல்கிறது.

எல்விரா அம்மாள் அதை வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கடைசிப் பக்கத்தில் பாதிக்குப் படம் போடச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ரோசாவுக்கு அச்சுப்படியை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். பிறகு, "அதோட அம்மா தேடவில்லையா?" என்றாள்.

"யாருடைய அம்மா?"

"அந்தப் பிள்ளையோட அம்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிள்ளையைக் காணோம் என்றால் தேடமாட்டார்களா?"

"அது கப்பலில் போய்விட்டதே" என்றேன்.

"அதுக்கு முன்னாடி" என்றாள் ரோசா. பிறகு விளையாடப் போய்விட்டாள்.

நான் அந்தக் கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தேன். என் அம்மா செத்து நான்கு வருடம். நான் போகவில்லை, போக முடியவில்லை. அக்காவுக்கு ஒரு துக்கக் கடிதம் எழுதினேன். பிழையில்லாத கடிதம். அதற்குப் பதில் வரவில்லை. பதில் வராத கோபத்தில் நானும் எழுதவில்லை. இப்படியே வருடம் ஓடியிருந்தது.

இந்தக் கதையில் அந்தத் தாய் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் இருக்கிறாள்.

5

அன்றைக்கே அக்காவுக்கு எழுதினேன். நான்கு பக்கம். இங்கிருந்து கடிதம் போய்ப் பதில் வர ஆறு வாரமாவது ஆகும். புத்தகம் பள்ளிக்கூடங்கள் திறப்பதற்குள் வரவேண்டும். இங்கே மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கும். மனுவேலுக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசிப் பக்கத்தைக் கடைசியாகக் கட்டுகிறேன். அதற்கு மேல் என்னால் தள்ளமுடியாது" என்றார்.

இடையில் இங்கத்துப் பத்திரிகையில் ஓரமாக ஆறு வரிச் செய்தி ஒன்று வந்தது. இலங்கைத் தோட்டங்களில் உள்ள இந்திய வம்சாவளி ஆட்களை இத்தனை பேர் இலங்கைக்கு, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பேசிப் பிரித்துக்கொண்டதாக. மனுவேல்தான் வெட்டிக் கொண்டுவந்தார். அதை வாசித்தபிறகு எனக்குக் கதையின் முடிவு இரண்டாம்பட்சமாகிவிட்டது. அக்காவின் புருஷன், எங்கள் கருப்பையா அத்தான், எப்போதோ இந்திய பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தார். இலங்கையில் தங்கியிருக்கும் அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அனுமதி எப்போது முடிகிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான்கு வருடமாகக் கேட்கவில்லை. என் கடிதம் போய்ச் சேரும்போது லயத்தில் வேறு யாராவது இருந்தால்?

அந்த நாட்களில் தினமும் இரண்டு தடவை தபால்காரர் ஏறிவரும் படிக்கட்டுக்குப் போனேன். அவர் என்னைத் தூரத்தில் கண்டாலே கையை விரித்துக் காட்டிவிடுவார். அடுப்பில் வைத்ததை மறந்தேன். ரோசாவுக்கு ஒரு காலில் சிவப்பும் ஒரு காலில் வெள்ளையுமாகக் காலுறை மாட்டி விளையாட அனுப்பினேன். தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அவள் என்னோடு ஒருநாள் பேசவில்லை.

ஏழாவது வாரம் கடிதம் வந்தது. உறையின் மேல் அக்கா மகள் லெட்சுமியின் எழுத்து. அவளுக்குப் பன்னிரண்டு வயது, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

6

அந்தக் கடிதத்தை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

"அன்புள்ள சித்திக்கு, லெட்சுமி எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். இனி அம்மா சொல்வதை எழுதுகிறேன். ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதவேண்டும் என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஏய் பாக்கியம். ஒன் கடுதாசி வந்துச்சு. நாலு பக்கம் எழுதியிருக்க. மூணு பக்கம் எனக்கு வெளங்கல, லெட்சுமிதான் அர்த்தம் சொன்னா. கேக்க வந்தது ஒரே வரி. அத மொதல்லயே கேட்டிருக்கலாம்ல. அம்மா செத்தப்ப எழுதுனியே, அதுவும் இப்படித்தான் இருந்துச்சு. வாத்தியார் வாசிச்சாரு. தொரை பேசுற மாதிரி இருந்துச்சு, அழுகையே வரல. அதான் பதில் போடல.

கூடையில ஒளிஞ்ச புள்ளைக்கு என்னா முடிவுன்னு கேட்டிருக்க. எந்தப் புள்ளைக்குச் சொல்ற? அதோட அம்மா பேரு என்னா? அதச் சொல்லாம முடிவக் கேட்டா நான் என்னாத்தச் சொல்றது?

மடுவத்துக் கதைய நாங்க முடிக்கிறதில்லடி. காலையில அழுகைய நிறுத்த ஆரம்பிப்போம். அந்தியில கொழுந்து நிறுத்துட்டு அம்மாக்காரி வந்து வாசல்ல நிக்கணும். அப்பத்தான் முடிவு. பூமாலை வந்து நின்னா, 'அந்த நேரம் பூமாலை ஸ்டோரு மாடிக்கு ஏறுனா. தட்டுத் தட்டா மோந்து பாத்தா. ஆயிரம் எலையில தம் புள்ள எலைய எடுத்தா. தேத்தண்ணிக்கு வச்ச சுடுதண்ணியில போட்டா. எல விரிஞ்சுச்சு, கை விரிஞ்சுச்சு, கால் விரிஞ்சுச்சு, புள்ள அம்மான்னுச்சு'ன்னு சொல்லி, புள்ளையத் தூக்கிக் குடுப்பேன். அடுத்தாப்ல ராக்கு வந்தா ராக்கு பேரச் சொல்லுவேன். முப்பது புள்ளைக்கு முப்பது தடவ முடிக்கணும். எல்லாக் கதைக்கும் அப்படித்தான். நரியப் புடிக்க வர்றதும் அம்மாதான், மேகத்துக்கு வழி காட்டுறதும் அம்மாதான்.

சின்னதுல நீ அப்புறம் என்னா, அப்புறம் என்னான்னு கேப்ப. நான் பொறாமையில மறைச்சேன்னு நெனச்சிருப்ப. பொறாமை இருந்துச்சு. நீ சிலேட்டத் தூக்கிக்கிட்டு ஓடுறப்பல்லாம் இருந்துச்சு. லெட்சுமி, அத எழுதாத. (சத்தியம் செய்திருப்பதால் எழுதிவிட்டேன் சித்தி. அம்மாவுக்குத் தெரியாது.) ஆனா அதுக்காக மறைக்கல. அம்மா வந்து வாசல்ல நிக்காம எப்படிச் சொல்றது? அம்மா மடுவத்துக்கு வர்றப்ப நீ வாத்தியார் வீட்டுல இருப்ப. என்னத்தான் கூட்டிக்கிட்டுப் போவா. ஒனக்கு அந்த முடிவு கெடைக்கவே இல்ல. இப்பச் சொல்லலாம்னா அம்மாவும் இல்ல.

புஸ்தகத்துல போடணும்னு எழுதியிருக்க. புஸ்தகத்த எந்தப் புள்ள வாசிக்கும்னு ஒனக்குத் தெரியுமா? தெரியாதுல்ல. மடுவத்துல தாயி செத்த புள்ள, தாயி ஆசுபத்திரியில கெடக்குற புள்ளன்னு எப்பவும் ஒண்ணு ரெண்டு இருக்கும். அதுங்களுக்கு எம் பேரச் சொல்லுவேன். 'அந்த நேரம் முத்தாயி ஏறுனா'ன்னு. ஒரு புள்ளையையும் முடிவு இல்லாம அனுப்புனதில்ல. அதுல நீயும் ஒண்ணுன்னு வச்சுக்க.

எங்க அனுமதி முடிஞ்சுபோச்சு. தலைமன்னார்ல கப்பல் ஏறச் சொல்லிட்டாங்க. அத்தானுக்கு அவுங்க அப்பன் ஊரு பேரு மட்டும் தெரியும், திருச்சிப் பக்கம்னு. அங்க யாரு இருக்காங்கன்னு தெரியல. மடுவத்துக்கு வேற ஆளு போட்டாச்சு. வந்தவளுக்குக் கதையெல்லாம் சொல்லிக் குடுத்துட்டேன், கேக்குறாளான்னு தெரியல. இனி இங்க எழுதாத. போயிச் சேந்துட்டு எழுதுறோம். ஒம் மகளக் கேட்டதாச் சொல்லு. அவளுக்கு முடிவு சொல்றப்ப பாக்கியம் ஏறுனான்னு சொல்லு."

இதற்குக் கீழே லெட்சுமி தன் கணக்கில் ஒரு வரி எழுதியிருந்தாள். "சித்தி, அங்கே பள்ளிக்கூடம் இருக்குமா என்று அப்பாவிடம் கேட்டேன். இருக்கும் என்றார். ஆனால் அவருக்கும் தெரியாது."

7

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போனேன். கடைசிப் பக்கங்களைச் சட்டத்தில் இறுக்கி வைத்திருந்தார்கள். மறுநாள் இயந்திரத்தில் ஏற்றவேண்டும்.

"கூடைக் கதையின் முடிவு தப்பு. மாற்றவேண்டும்" என்றேன்.

எல்விரா அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "என்னை அழவைத்த முடிவு அது."

"அது நான் எழுதியது. கதையுடையது வேறு."

"உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னீர்களே, செனோரா?"

அச்சுக் கோர்ப்பவர்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். மனுவேல் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஊரில் நான் பிழை செய்து சிரிப்பு வாங்கியிருக்கிறேன், கோபம் வாங்கியிருக்கிறேன். தெரியாது என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"தெரியாது" என்றேன். "ஒரு கதைக்கும் முடிவு தெரியாது. நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். என் அக்காவுக்குத்தான் தெரியும்."

அங்கேயே நின்றுகொண்டு மடுவத்து வழக்கத்தைச் சொன்னேன். எல்விரா அம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "மற்றக் கதைகள் அச்சாகிவிட்டன. அவற்றைத் தொடமுடியாது" என்றார். "கடைசிப் பக்கத்தில் எத்தனை வரி?"

"ஒன்பது" என்றார் மனுவேல். "மத்தியானத்துக்குள் கோர்த்துவிடுவேன்."

"படம்?"

"பெட்டிக்குப் பக்கத்தில் பிள்ளை நிற்கும் படம் இனிப் பொருந்தாது" என்றேன்.

"அப்படியானால் அரைப்பக்கம் வெறுமையாகக் கிடக்கும்."

"கிடக்கட்டும்" என்றேன்.

அச்சகத்து மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். அக்காவின் வாக்கியங்கள் குட்டையானவை. ஸ்பானியத்தில் அவற்றை நீட்ட என் கை துடித்தது. நீட்டவில்லை. அந்த நேரம் முத்தாயி மாடிக்கு ஏறினாள். தட்டுத் தட்டாக முகர்ந்து பார்த்தாள். ஆயிரம் இலையில் தன் பிள்ளையின் இலையை எடுத்தாள். எல்விரா அம்மாள் தோளுக்கு மேலிருந்து வாசித்தார்.

"யார் இந்த முத்தாயி? கதையில் இதுவரை வரவே இல்லையே. தாயா?"

"தாய் வரும்வரை பிள்ளையோடு இருக்கிறவள்."

"தாய் வராவிட்டால்?"

"அப்போதும் இருக்கிறவள்."

அவர் தாளை எடுத்து மனுவேலிடம் கொடுத்தார். மனுவேல் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் கோர்த்தார். இதற்கு முன்னால் அக்காவின் பெயர் எழுதப்பட்ட இடங்கள் எனக்குத் தெரியும். தோட்டத்து ஆள்பேர்ப் பதிவு, அனுமதித் தாள், கப்பலுக்குப் பெயர் எழுதும் பட்டியல். அவளாக ஒரு தடவையும் அதை எழுதியதில்லை.

புத்தகம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் வெளிவந்தது. அட்டையில் என் பெயர் இருக்கிறது. உள்ளே முதல் பக்கத்தில், சொன்னவர் முத்தாயி என்று போடவைத்தேன். ரோசா கடைசிப் பக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "முத்தாயி யார்?" என்றாள்.

"உன் பெரியம்மா."

"எங்கே இருக்கிறார்?"

"தெரியாது" என்றேன். இப்போது அந்தச் சொல் எனக்குச் சிரமமில்லாமல் வருகிறது. சொல்லிவிட்டுச் சும்மா இருக்கத்தான் முடியவில்லை.

கடிதம் வந்து ஐந்து மாதமாகிறது. அக்காவிடமிருந்து வேறு செய்தி இல்லை. திருச்சிப் பக்கம் என்பது எவ்வளவு பெரிய இடம் என்று நாட்டுப்படத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தேன். அவளுக்கென்று வைத்த புத்தகம் பொட்டலமாகக் கட்டி மேசையில் கிடக்கிறது. மேல்விலாசம் எழுதவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

இந்தப் பத்திரிகை இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வாசிக்கப்படுகிறது என்று அறிகிறேன். கொட்டகலைப் பக்கத்திலிருந்து தலைமன்னார் வழியாக வந்து இறங்கிய கருப்பையா, முத்தாயி, மகள் லெட்சுமி ஆகியோரை யாராவது கண்டிருந்தால், இந்தக் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள். முத்தாயிக்கு வாசிக்கத் தெரியாது. லெட்சுமிக்கு நன்றாகத் தெரியும். லெட்சுமி, இதை வாசித்தால் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டு. நீங்கள் இருக்கும் ஊரின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்பு.